ஆவிக்குரிய வரங்களும் திருத்தொண்டும்

ஆவிக்குரிய வரங்கள் என்பவை திருச்சபையின் பொதுநன்மைக்காகத் தூய ஆவியானவர் விசுவாசிகளுக்கு அருள்வதாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் ஆற்றல்களும் பணிகளும் ஆகும். இதற்குரிய கிரேக்கச் சொல் 'காரிஸ்மா'. அருளைக் குறிக்கும் 'காரிஸ்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. சீர்திருத்தச் சபையார் 'வரம்' என்பதைக் கத்தோலிக்கர் 'அருள்கொடை' என்பர். தமிழில் வரம் என்றதும் தவம் நினைவுக்கு வருகிறது. அப்போஸ்தலனாகிய பவுல் பேசும் வரத்துக்குத் தவம் தேவையில்லை. பெறுபவரின் தகுதியும் பார்க்கப்படுவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்குப் பயன்படத்தான் அது ஒருவர் கையில் கொடுக்கப்படுகிறது. ஆகவே தமக்குரிய வரம் எது என்று தேடுபவர் பிறருக்குத் தொண்டு செய்யும் இடத்தில்தான் அதைக் கண்டுகொள்ள முடியும் என்பது இக்கோட்பாட்டின் உயிர்நாடி.

பவுல் ஏறத்தாழ கி.பி. 55இல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரம் முதலில் ஒன்பது வரங்களைக் கூறுகிறது. அந்நிய பாஷை பேசுவோர் தங்களை உயர்வாக எண்ணிய சபை அது. ஞானம், குணமாக்குதல், தீர்க்கதரிசனம் போன்றவற்றைச் சொன்ன அதே அதிகாரத்தின் இறுதியில் 'உதவிகள்', 'ஆளுகைகள்' என்ற இரண்டையும் பவுல் சேர்க்கிறார். ஆளுகை என்பதன் கிரேக்க மூலச்சொல் கப்பலில் சுக்கான் பிடிப்பதைக் குறிப்பது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் ஏழு வரங்கள் வருகின்றன. கொடுத்தலும் இரக்கம் காட்டுதலும் அவற்றுள் உண்டு. எந்தப் பட்டியலும் மற்றொன்றோடு முழுவதும் பொருந்துவதில்லை. வரங்கள் இவ்வளவுதான் என்று எண்ணிக் கட்டிவைப்பது பவுலின் நோக்கமாக இருந்திருக்க முடியாது.

தொண்டிலே வரம் வெளிப்படுவதற்கு மிகத் தெளிவான சான்று அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பகிர்வில் விடுபட்டுப் போயினர். பந்தியைக் கவனிக்க ஏழு பேர் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் ஸ்தேவான் சபையின் முதல் இரத்தசாட்சியானார். பிலிப்பு சமாரியாவில் பிரசங்கித்தார். பின்னாளில் 'சுவிசேஷகன்' என்றே அறியப்பட்டார். இருவருக்கும் சபை முதலில் ஒப்படைத்தது சாப்பாட்டு வேலையைத்தான்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சபைகளில் வினாத்தாள் வழியே வரத்தைக் கண்டறியும் முறை பரவியது. பீட்டர் வாக்னர் 1979இல் வெளியிட்ட நூல் 27 வரங்களைப் பட்டியலிட்டது. கென்னத் பெர்டிங் 2006இல் இதற்கு மாற்றுக் கருத்தை முன்வைத்தார்: பவுலின் பட்டியல்கள் உள்ளே ஒளிந்திருக்கும் திறமைகளைச் சொல்பவை அல்ல, ஒப்படைக்கப்படும் ஊழியங்களைச் சொல்பவை. வினாத்தாள் ஒருவருடைய விருப்பத்தைக் காட்டலாம். ஆனால் அவரால் பிறருக்கு நன்மை விளைகிறதா என்பதை அது காட்டாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நன்மை பெற்றவர்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்னும் பொது விருந்தின் பந்தியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் ஓடுவார்கள். ஒருவர் மட்டும் கடைசி இலைக்கு முன்னால் நின்றுவிடுவார். அங்கே ஒரு பாட்டி குழம்புக்குக் காத்துக்கொண்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அவர் பல்லில்லாதவர் என்பதைக் கண்டு, காய்த்துண்டை நசுக்கிக் குழம்போடு ஊற்றிவிட்டுப் போவார் அந்த ஆள். அடுத்த வருஷம், "அவனைப் பந்திக்குக் கூப்பிடுங்க" என்று பெரியவர்களே கேட்பார்கள். இரக்கத்தின் வரம் ஒருவரிடம் இருப்பதைச் சபை அறிவது இப்படித்தான்.

வரம் தொண்டில் வெளிப்படுவதற்குத் தமிழகத்து ஊழிய வரலாற்றில் இருவருடைய வாழ்க்கை சான்று. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடருக்கு மிஷனரியாகும் எண்ணமே இருக்கவில்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கவே 1890இல் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க அவரை அழைத்தனர். மருத்துவரான தந்தையை அழைத்துப்போகச் சொன்னார் ஐடா. ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட மூவரும் மறுத்தனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார்.

மற்றவரான எமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தது சுவிசேஷம் அறிவிக்க. திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் குழுவோடு ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். 1901இல் கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்தாள். அதன்பின் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சேர, பயணங்கள் நின்றன. பாலூட்டுவதும் நோய் பார்ப்பதுமே டோனாவூரில் அவருடைய ஊழியமாயிற்று. தாய்மை என்னும் வரம் தமக்குண்டு என்பதை, தம்மை 'அம்மா' என்று கூப்பிட்ட பிள்ளைகளிடமிருந்தே அவர் அறிந்தார்.

1931இல் கீழே விழுந்து அடிபட்ட அவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் ஆறுதல் நூல்கள் தம் மனதைத் தொடவில்லை என்று அப்போது உணர்ந்தார். டோனாவூரில் நோயுற்றிருந்தவர்களுக்குத் தம் படுக்கையிலிருந்தே கடிதங்கள் எழுதினார். அவற்றிலிருந்து உருவான நூல் 1933இல் வெளிவந்தது.