ஆயா

குழந்தையைப் பார்த்துக்கொள்பவளுக்கு நாம் வழங்கும் 'ஆயா' போர்த்துக்கீசியச் சொல். அம்மொழியில் 'ஆயா' செவிலி. அதன் வேர் லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் 'ஆவியா' என்பர். 1511 முதல் 1641 வரை மலாக்காவை ஆண்டவர்கள் போர்த்துக்கீசியர்தாம். ஆனாலும் இச்சொல் தமிழகத்திலிருந்து மலேசியாவுக்குக் கப்பலேறி வந்ததாகவே தோன்றுகிறது. செட்டிநாட்டில் ஆயா என்றால் பாட்டி. அது 'ஆய்' (தாய்) என்னும் நம் பழஞ்சொல்லின் வழி. இரண்டும் ஒலியில் ஒன்றானது தற்செயல், ஆனால் அழகான தற்செயல்.

ரப்பர்த் தோட்டத்தில் 'ஆயாக் கொட்டகை' என்பது தனிச்சொல். விடியுமுன் பெரட்டுக்கு (பெயர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போகும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையை அங்கே சேலைத் தூளியில் கிடத்திவிட்டு மரம் சீவப் போவாள்.

இன்று கொட்டகைகள் அருகிவிட்டன, தேவை மாறியிருக்கிறது. 2010இல் மலாக்கா ஜாசினில் இஸ்லாமியச் சமய மன்றம், கருவுற்ற பதின்ம வயதுப் பெண்கள் படிப்பைத் தொடர 'செக்கோலா ஹாராப்பான்' என்னும் பள்ளியைத் தொடங்கியது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் சிறார். ஆக, அத்தகையோர் தங்கும் காப்பகத்தில் பிள்ளை பெறும் பதினாறு வயதுக்காரியும் குழந்தையே. அவளைப் பார்ப்பவர் இரண்டு குழந்தைகளுக்கு ஆயா. 'பராமரிப்பாளர்' என்ற அலுவலகச் சொல்லில் இந்தப் பாட்டித்தனம் இல்லை.

அக்கம்பக்கத்தில் அப்படிக் கருவுற்ற சிறுமி ஒருத்தி தவித்தால் வம்பளக்க வேண்டாம். 15999 'தாலியான் காசே' உதவி எண், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, கூப்பிடுங்கள்.