கூப்பன் புத்தகம் முதல் விண்ணப்பப் படிவம் வரை

பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் வைக்கப்பட்டிருந்த தகரப் பெட்டியிலேதான் எங்கள் வீட்டுக் கூப்பன் புத்தகங்களும் இருந்தன. கிழமைதோறும் பையைத் தூக்கிக்கொண்டு சங்கக்கடை வரிசையில் நின்ற தலைமுறையினர் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் முதியவர்களாக வாழ்கின்றனர். கூப்பன் அரிசியின் அந்த மணத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கூப்பன் இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. இலங்கை தனக்குத் தேவையான அரிசியின் பெரும்பகுதியை அக்காலத்தில் பர்மாவிலிருந்தே இறக்குமதி செய்துவந்தது. 1942 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் யப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. அதே ஆண்டில் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. போர் முடிந்த பின்னரும் பங்கீடு நீடித்தது.

அந்த முறையின் ஒரு சிறப்பை நாம் அப்போது உணரவில்லை. கூப்பன் எல்லோருக்கும் உரியதாக இருந்தது. புறக்கோட்டை வர்த்தகருக்கும் அவர் கடையில் மூட்டை சுமந்தவருக்கும் கூப்பன் புத்தகம் இருந்தது. அரிசி பெறுவதற்குத் தான் ஏழை என்று எவரும் எவர் முன்னாலும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் உரியது என்பதாலேயே அதில் கைவைத்த அரசாங்கங்கள் ஆட்டம் கண்டன. 1953 ஆம் ஆண்டு யூலையில் நிதி அமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய இலவச மதிய பணிசும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மீண்டும் பிரதமரான அவர் 1966 டிசெம்பரில் இரண்டு கொத்தை ஒரு கொத்தாகக் குறைத்து அதை இலவசமாக்கினார். 1970 தேர்தலில், சந்திரமண்டலத்திலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்தும் தருவோம் என்ற வாக்குறுதியோடு ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க பெருவெற்றி பெற்றார். ஆனால், 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலைகள் ஏறியபோது பங்கீடு வெட்டப்பட்டது. கோதுமை மா ரொட்டியை நம்பி வாழ்ந்த மலையகத் தோட்டங்களில் பட்டினி புகுந்தது. அந்நாட்களில் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிக அதிகமாக இருந்தது.

அடுத்து வந்த மாற்றம் ஹர்த்தால் எதுவுமின்றி அமைதியாக நிகழ்ந்தது. 1978 சனவரியில் இலவசப் பங்கீடு, மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் என்றாயிற்று. நாட்டு மக்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். 1979 செப்டெம்பரில் கூப்பன் புத்தகத்தின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. வயதைப் பொறுத்து ஆளுக்கு மாதம் 15 ரூபா முதல் 25 ரூபா வரையிலான முத்திரைகள் வழங்கப்பட்டன. விலைவாசி ஏறியபோது முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. எனவே, சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்துபோனது. 1980 மார்ச்சில் புதிய விண்ணப்பங்களை ஏற்பதும் நிறுத்தப்பட்டது.

உணவு முத்திரையோடு எமது ஏழைகளின் வாழ்வில் விண்ணப்பப் படிவம் நுழைந்தது. குடும்ப வருமானத்தைத் தாமே எழுதிக் கொடுக்க வேண்டும். கிராமத்தில் கூலி வேலை செய்பவரின் வருமானத்துக்குக் கணக்கு இல்லை. அவர் குறைத்து எழுதினாலும் கண்டுபிடிப்பது கடினம். தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ செக்ரோலில் சதக் கணக்காகப் பதிவாகியிருந்தது. கணவன், மனைவி, மூத்த பிள்ளை ஆகியோரின் சம்பளங்களைக் கூட்டினால் எல்லையைத் தாண்டிவிடும். கணக்குச் சரியாக இருந்த காரணத்தாலேயே வறியவர்கள் பலர் முத்திரையை இழந்தனர்.

1980 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் செய்தி சேகரிப்பதற்காக மலையகத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். லயத்து வாசலில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி எம்மைக் கண்டதும் வெற்றிலைப் பையை அவிழ்த்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அரசாங்க முத்திரை பதித்த அக்கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அந்த லயத்தில் சிங்களம் பேசத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு வாசிக்க வராது.

"என்னமோ நல்ல சேதியாத்தான் இருக்கும்னு வச்சிருக்கேன் ஐயா" என்றார் மூதாட்டி.

என்னுடன் வந்த புகைப்படக்காரர் அதை வாசித்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பேரப்பிள்ளையுடன் தனித்து வாழ்ந்த அவர் முத்திரைக்கு விண்ணப்பித்திருந்தார். உரிய பத்திரங்களுடன் பெப்ரவரி மாதம் அலுவலகத்துக்கு வருமாறு அவரை அழைத்திருந்தார்கள். நாங்கள் போனது யூன் மாதம். இடையில் பதிவும் மூடப்பட்டுவிட்டது. விடயத்தைச் சொன்னபோது அவர் எவரையும் நோகவில்லை. கடிதத்தை மறுபடியும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று நான் எழுதி அனுப்பிய செய்தி தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றைப் பற்றியது. மூதாட்டியின் கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. உணவு முத்திரை பற்றிய அறிவித்தல்களைப் பத்திரிகையில் பிரசுரித்திருந்தோம். எமது கடமை அத்துடன் முடிந்தது என்றே எண்ணியிருந்தேன்.

உணவு முத்திரை என்ற ஏற்பாடும் பெயரும் முன்னரே வழக்கில் இருந்த அமெரிக்காவில், அந்த நினைப்பு நீதிமன்றம் வரை சென்றது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அங்கே 1964 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகள் ஒரு தொகையைக் கையிலிருந்து செலுத்தியே முத்திரையைப் பெற வேண்டியிருந்தது. கையில் காசற்ற மிசிசிப்பிக் கறுப்பினக் குடும்பங்களுக்கு அது எட்டாக்கனியாயிற்று. 1967 இல் செனட்டர் ரொபேர்ட் கென்னடி அப்பகுதிக் குடிசைகளுக்குச் சென்று பசித்த குழந்தைகளை நேரில் கண்டார். 1971 இல் சட்டம் திருத்தப்பட்டது. தகுதியுள்ளவர்களுக்குத் திட்டத்தைப் பற்றி அறிவித்து, அவர்கள் அதில் சேர உதவுவதும் அரசின் கடமை என்று அதில் எழுதப்பட்டது. விவசாயத் திணைக்களம் அக்கடமையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஏழைகள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1974 இல் மினசோட்டாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. காசு செலுத்தும் நிபந்தனையை 1977 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1979 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்ததும் முத்திரை பெறுவோர் தொகை உயர்ந்தது. ஆயினும் றேகன் ஆட்சியில், 1981 இல், மக்களைத் தேடிச் சென்று அறிவிக்கும் பணிக்கான மத்திய அரசின் நிதி நிறுத்தப்பட்டது. 1988 இல்தான் அது ஓரளவு மீண்டது. உதவியை வெட்டாமலே உதவி பெறுவோரைக் குறைக்கலாம். அதைப் பற்றிச் சொல்பவரை நிறுத்தினால் போதும்.

எமது நாட்டில் இக்கடமையை எந்தச் சட்டமும் எவர் மீதும் சுமத்தவில்லை. சுமந்தவர்கள் தாமாகவே சுமந்தார்கள். பள்ளி முடிந்த பின் திண்ணையில் அமர்ந்து ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த ஆசிரியர்கள், கச்சேரி வாசலில் மனு எழுதியவர்கள், தோட்டத் தலைவர்கள், நல்ல மனம் படைத்த சில கிராம சேவகர்கள் ஆகியோரே அவர்கள். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் இடம்பெயர்ந்தோர் உலர் உணவு நிவாரணம் பெறுவதற்கு நிவாரண அட்டை வேண்டியிருந்தது. பதிவை இழந்த குடும்பம் உணவை இழந்தது. அங்கும் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து அலுவலகங்களுக்கு அலைந்தவர்கள் முகாமிலிருந்த ஆசிரியர்களும் மதகுருமாரும் தொண்டர்களுமே. 1995 இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டம் தொடக்கத்தில் பெருந்தோட்டங்களையும் போர்ப் பிரதேசங்களையும் உரிய முறையில் எட்டவில்லை.

2023 ஆம் ஆண்டு யூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் நாடு முழுவதும் அடுப்பெரியத் திணறியதை அனைவரும் அறிவர். 22 குறிகாட்டிகளைக் கொண்டு வறுமையை அளந்து வெளியிட்ட முதற் பட்டியலுக்கு எதிராக ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, மின்பட்டியல் என்று கேட்கப்பட்டபோது லயத்து மக்கள் பலருக்குத் தனி முகவரியே இருக்கவில்லை. பலரது கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே வந்து சேர்கின்றன.

எல்லோருக்கும் கூப்பன் வழங்கிய காலத்துக்குத் திரும்ப முடியாது என்று பொருளியலாளர்கள் கூறுவார்கள். அது இருக்கட்டும். ஏழைகளுக்கு மட்டுமே உதவி என்று ஓர் அரசாங்கம் தீர்மானித்தால், அந்த ஏழைகளை அவர்களது மொழியில், அவர்களது வாசலில் சென்று தேடும் செலவையும் அது ஏற்க வேண்டும். படிவத்தை அச்சிடுவதுடன் அப்பொறுப்பு முடிவதில்லை.

அந்த மூதாட்டி இன்று உயிரோடிருக்க வாய்ப்பில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதியிருக்க வேண்டிய அவரது செய்தியை இப்போதுதான் எழுதி முடிக்கிறேன்.