மருந்தை நிறுத்தியது யார்?

வீரபாண்டியில் அம்மை போட்டவரை வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். வாசலில் வேப்பிலை, பக்கத்தில் யாராவது ஒருவர். ஆத்தா வந்திருக்கிறாள் என்று பேச்சு. கௌமாரியம்மன் ஊர் அல்லவா! அதே ஊரில் டிபி வந்தவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. தனிக் குவளை நமக்குப் புதிதில்லை தோழர்களே. ஆனால் நம் காலனிக்குள்ளேயே நம் ஆட்களுக்கு நாமே அதை வைப்பதைப் பார்த்தபோது எனக்குக் கூசியது.

2014-ல் எம்.ஏ. களப்பணிக்காக அங்கே போயிருந்தேன். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஓர் அம்மா மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்தியிருந்தார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘டிஃபால்டர்’ என்று எழுதியிருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "ஜீப்பு விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்துரும் தம்பி. மாத்திரை குடுக்குறவுக ஒம்பது மணிக்குத்தான் வருவாக. வாரத்துல மூணு நாள் கூலிய விட்டா நான் எதத் திங்க?"

மருந்துக்கு அடங்காத டிபி பற்றிப் பேச்சு வந்தால் பழி இவரைப் போன்றவர்கள் மேல்தான் விழும். படிப்பறிவில்லை, பொறுப்பில்லை, பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பார்கள். இந்தப் பழியைச் சோதித்துப் பார்த்த ஒரு வரலாறு நம் சென்னையிலேயே இருக்கிறது.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கின. தொடக்க ஆண்டுகளில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். அன்று டிபி என்றால் சானடோரியம்: படுக்கை, நல்ல சாப்பாடு, ஊரைவிட்டு ஒதுக்கம். அத்தனை படுக்கைக்கு நாடு எங்கே போகும்? எனவே சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், மற்றது நெரிசலான தங்கள் குடிசைகளில். அந்தக் குடிசைகளில் யார் இருந்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள்: ஐசோநியாசிட், பாஸ்.

1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஐந்தாண்டுக் கண்காணிப்பில் அந்தச் சிறு வித்தியாசமும் பொருளற்றுப்போனது. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று: நோயாளியோடு ஒரே குடிசையில் படுத்து எழுந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்றின் பெரும்பகுதி, நோய் கண்டுபிடித்து மருந்து தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. ஒழுங்காக மருந்து சாப்பிடுபவரை ஒதுக்கிவைக்க மருத்துவக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

நமக்கு உவக்காத ஒன்றும் அங்கே தெரியவந்தது. இலவசமாகக் கொடுத்த மருந்தைப் பலர் சாப்பிடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் இதைக் கண்டுபிடித்தார்கள். பாஸ் மருந்து வயிற்றைப் புரட்டும். தவிர, காய்ச்சலும் இருமலும் போன பிறகு மாதக்கணக்கில் மருந்து விழுங்குவது யாருக்கும் கடினம், படித்தவருக்கும்தான்.

அதில் ஆபத்து இருக்கிறது. நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளில் ஒருசில இயல்பாகவே ஏதாவது ஒரு மருந்துக்கு அடங்காதவை. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை சாகும், இவை பெருகும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது பிரிட்டனில் இதுதான் நடந்தது. ஐசோநியாசிட்டைத் தனியாகக் கொடுத்துச் சென்னையில் சோதித்தபோதும் இதே கதை. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து, முழுக் காலமும் கொடுத்தால்தான் அந்த வழி அடைபடும்.

அதனால்தான் கண்ணெதிரே மருந்து விழுங்கவைக்கும் முறையைச் சென்னையில் சோதித்தார்கள். பின்னாளில் உலகமெங்கும் டாட்ஸ் என்று பரவிய திட்டத்துக்கு அது ஒரு வேர். 1997 முதல் இந்தியாவிலும் வந்தது, வாரம் மூன்று நாள் மாத்திரையாக. ஆனால் கண்காணிக்கும் கண் ஒன்பது மணிக்குத் திறந்து மாலையில் மூடிக்கொண்டால், தோட்டக்கூலி என்ன செய்வார்? 1950-களில் ஊழியர்கள் குடிசை தேடிப் போனார்கள். நம் காலத்தில் குடிசை ஊழியரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. தவறினால் டிஃபால்டர். மருந்து தீர்ந்துபோன நாட்களுக்கும் பூட்டிக்கிடந்த நிலையத்துக்கும் அப்படி ஒரு பெயர் எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

வாரம் மூன்று நாள் முறையையே அரசு 2017-ல் கைவிட்டுத் தினசரி மாத்திரைக்கு மாறியது.

அந்த அம்மாவுக்கு அதற்கு முன்பே இரண்டாம் முறை சிகிச்சை தொடங்கினார்கள். எட்டு மாதம், முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்த்து. இம்முறை அதே தெருவில் குடியிருந்த நர்சு அக்கா, ஜீப் திரும்பிய பிறகு ராத்திரி ஏழு மணிக்கு மேல் திண்ணையிலேயே ஊசி போட்டார். மாத்திரையும் அங்கேதான். அம்மா ஒரு நாள்கூடத் தவறவில்லை.