பிறக்காமல் போன வைட்ஃபீல்டு

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் கணக்கு முடிப்பு, அது முடிந்ததும் ஆடிட் என்று வருடா வருடம் வரும் கதைதான். இந்த முறை எழுத வைத்தவர் எங்கள் வீட்டுப் பையர். பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு, "அப்பா, கேம் ஆடணும், வீடியோவும் எடிட் பண்ணணும். எந்த ப்ராசஸர் வாங்கலாம்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

பி.காம் படித்தவரிடம் போய் இதைக் கேட்கிறாயே என்று தங்கமணி சிரித்தார். நியாயம்தான். ஆனால் இந்த விஷயத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

2005. கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வந்த புதிது. தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. இரண்டு மினி டிவி கேசட் நிறைய நானே படம் பிடித்தேன். "சிடியில போட்டுக் குடுடா, பார்க்கணும்" என்றார் பாட்டி. பண்டிகை அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு எஸ்.பி. ரோடுக்கு ஓடினேன். சாதர் பத்ரப்பா ரோடு என்று முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரரே யோசிப்பார். கம்ப்யூட்டர் சாமான் என்றால் பெங்களூரில் எல்லோரும் போகும் இடம். கடைக்காரரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "எது அதிக கிகாஹெர்ட்ஸ்?"

என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் உலகமே அதைத்தான் கேட்டது. 2000 மார்ச்சில் ஏஎம்டியும் இன்டெல்லும் இரண்டு நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. அதே வருடம் நவம்பரில் பென்டியம் 4 வந்தது 1.5-ல். 2004 நவம்பரில் அது 3.8-க்குப் போய்விட்டது. அதோடு வண்டி நின்றது. வேகத்தை ஏற்ற ஏற்ற சூடும் ஏறியது. 100 வாட்டுக்கு மேல் தின்ற சில்லை ஆற்றவே பெரிய விசிறி தேவைப்பட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொன்ன இன்டெல், 2004 அக்டோபரில் அதை ரத்து செய்தது. அடுத்த தலைமுறைக்கென்று வைத்திருந்த 'தேஜஸ்' அதற்கு முன்பே, மே மாதமே, கைவிடப்பட்டிருந்தது. இத்தனைக்கும் 2003-ல் வந்த ஏஎம்டி அத்லான் 64 வெறும் 2 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே, 3-க்கு மேல் ஓடியவற்றைப் பல கேம்களில் முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் கணக்கில் உண்டு. எனக்கு அது தெரியாது.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. இன்டெல்லின் பெங்களூர் பொறியாளர்கள் அப்போது ஒரு சர்வர் ப்ராசஸரை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். கிகாஹெர்ட்ஸ் பந்தயத்தை விட்டுவிட்டு ஒரே சில்லில் நான்கு கோர். அதற்கு வைத்த பெயர் 'வைட்ஃபீல்டு'. ஆமாம், நம்மில் பாதிப்பேர் இன்று வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் அதே வைட்ஃபீல்டுதான். 2005 அக்டோபரில் அந்தத் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. எத்தனை பேருடைய எத்தனை ராத்திரி!

ஆனால் பெங்களூர் அதோடு நிற்கவில்லை. 2008 செப்டம்பரில் 'டன்னிங்டன்' என்ற செல்லப்பெயரோடு ஜியான் 7400 வந்தது. ஆறு கோர், 190 கோடி டிரான்சிஸ்டர், வடிவமைப்பு பெங்களூரில். பெரிய டேட்டா சென்டர்களுக்கானது. வீட்டில் வைத்துக் கேம் ஆட அல்ல. ஆனால் வீட்டுப் பொட்டிகளும் அதே வழியில்தான் போயின.

கோர் என்றால் என்ன என்று பையரிடம் பேங்க் பாஷையில் சொன்னேன். 2016-ல் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு மலை மலையாக வந்ததே, அதை எப்படி எண்ணினோம்? கட்டுக்கட்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தோம். ஆறு பேர் என்றால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு நேரம். வீடியோ எக்ஸ்போர்ட் அப்படித்தான், பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலை. கோர் கூடக்கூட லாபம்.

லோன் ஃபைல் வேறு மாதிரி. ஆய்வு முடிந்தால்தான் அனுமதி. அனுமதி வந்தால்தான் பட்டுவாடா. அங்கே பத்து பேரை உட்கார வைத்தாலும் பிரயோஜனமில்லை, சுறுசுறுப்பான ஒரு ஆபீசர் வேண்டும். கேமில் பெரும்பகுதி இப்படி. நீங்கள் பட்டனைத் தட்டியதற்கு என்ன விளைவு என்று கணக்குப் போட்ட பிறகுதான் அடுத்த காட்சி. அங்கே ஒவ்வொரு கோரின் வேகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கேஷ் நினைவகமும்தான் பேசும்.

2017-ல் இது கண்கூடாகத் தெரிந்தது. ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் எட்டு கோருடன் வந்தது. இன்டெல்லின் ஐ7-7700கே-வுக்கு நான்குதான். வீடியோவில் ரைசன் ஜெயித்தது. கேமில் நான்கு கோர் ஐ7 முந்தியது. 2022-ல் இன்னொரு வேடிக்கை. ரைசன் 7 5800எக்ஸ்3டி-யின் துடிப்பு வேகம் அதன் அண்ணன் 5800எக்ஸை விடக் குறைவு. ஆனால் 96 எம்பி எல்3 கேஷை வைத்துக்கொண்டு கேமில் அண்ணனைத் தாண்டியது. வீடியோவில் கொஞ்சம் பின்தங்கியது.

இன்னொன்று. 2011 முதல் பல இன்டெல் சில்லுகளில் வீடியோவுக்கென்றே 'குயிக் சிங்க்' என்ற தனிப்பகுதி உண்டு. பெயர் கடைசியில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, அந்த வசதியும் இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் பார்த்து எஃப் வாங்கும்முன் யோசியுங்கள். கேமுக்கு கிராபிக்ஸ் கார்டு ரொம்ப முக்கியம். முழுப்பணத்தையும் ப்ராசஸரிலேயே கொட்டிவிடக்கூடாது.

சரி, என் 2005 பொட்டி? டிவிடிக்கு மாற்ற ராத்திரி போட்டுவிட்டுப் படுப்பேன். விடிகாலையில் சூடு தாங்காமல் தானே அணைந்து கிடக்கும். நான்கைந்து தடவை முயன்றேன். அப்புறம் ஆபீஸ் வேலை, அடுத்த வாரம், அடுத்த மாசம்... 2006 தை மாசம் பாட்டி போய்விட்டார். அந்த சிடியை அவர் பார்க்கவே இல்லை. தப்பு பொட்டியில் இல்லை, நான் கடையில் கேட்ட கேள்வியில்.

பையரோடு போன சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போனேன். இந்தத் தடவை கேள்வியை மாற்றினேன்: "தினமும் எந்த வேலை அதிகம்?" அவருக்குக் கேமும் எடிட்டிங்கும் பாதிப்பாதி. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் எட்டு கோர் சில்லு, நல்ல விசிறி, மீதிப்பணத்துக்கு கிராபிக்ஸ் கார்டு. மெட்ரோவில் பொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வைட்ஃபீல்டு வந்து சேர்ந்தோம்.

ஹார்ட் டிஸ்க் மாற்றி ஹார்ட் டிஸ்க் என்று இருபது வருஷமாக நான் சுமந்து வந்த திருக்கடையூர் ஃபைலைத்தான் பையர் முதலில் எடுத்தார். காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டார். மாலையும் கழுத்துமாகப் பாட்டி வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். "இவங்கதான் கொள்ளுப்பாட்டியா?" என்றார் பையர்.

அன்று ராத்திரியே ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பி வைத்தேன்.