மலைவிளிம்பில் ஒரு வெள்ளிக்கரை

தேவதானப்பட்டியிலிருந்து மஞ்சளாறு அணைக்குச் செல்லும் சாலையில், மேகம் மூடிய அந்திவேளையில் நின்றால் கொடைக்கானல் மலைகள் கரிய மதிலென எழுந்து நிற்கும். வானம் சீரான சாம்பல் நிறத்தில் விரிந்திருக்கும். அப்போது மலைவிளிம்பை உற்றுநோக்குங்கள். விளிம்பை ஒட்டிய வானம் மட்டும் ஒரு வெள்ளிக்கரை போலச் சற்றே கூடுதலாக ஒளிரும். புகைப்படம் எடுத்துப் பார்த்தாலும் அக்கரை தெரியும். ஆனால் ஒளியை அளக்கும் கருவி அதை வழிமொழியாது. கரை வானத்திலும் இல்லை, படத்திலும் இல்லை. பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

இத்தகைய தோற்றத்தைக் கண்டு வியந்ததோடு நில்லாமல் அதன் காரணத்தைத் தேடியவர் எர்ன்ஸ்ட் மாக். அவர் இயற்பியலாளர். 1865இல், கறுப்பும் வெள்ளையும் தீட்டிய வட்டத்தகடுகளைச் சுழலவிட்டு, வெளிச்சம் மாறும் இடங்களில் இல்லாத பட்டைகள் தோன்றுவதைக் கண்டார். விழித்திரையின் ஒரு புள்ளி தன் அண்டைப் புள்ளிகளை அடக்குகிறது என்று ஊகித்தார். நரம்புச் செல்லின் மின்துடிப்பை எவரும் அளந்திராத காலம் அது!

அவ்வூகம் மெய்ப்பட ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் கெஃபர் ஹார்ட்லைன் குதிரைலாட நண்டின் கண்ணிலிருந்து ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுத்து அதன் துடிப்புகளைப் பதிவு செய்தார். (இந்த நண்டின் உறவினங்கள் நம் ஒடிசாக் கடற்கரையிலும் உண்டு.) ஒரு கண்ணலகின் மீது மட்டும் ஒளி பட்டால் அது வேகமாகத் துடித்தது, அண்டை அலகுகளின் மீதும் ஒளி பட்டபோது அதன் துடிப்புக் குறைந்தது. அண்டை வீட்டாரின் குரல் உயர்ந்தால் நம் குரல் தாழ்வது போல. மலைவிளிம்பில் நடப்பதும் இதுவே. விளிம்பை ஒட்டிய வானத்தைப் பார்க்கும் செல்லுக்கு ஒரு பக்கம் இருள்; அடக்குவோர் குறைவு; ஆகவே அது உரக்கப் பேசுகிறது.

1938இல் தவளைக் கண்ணை ஆராய்ந்த ஹார்ட்லைன், ஒளி வந்ததும் துடிக்கும் இழைகள், போனதும் துடிப்பவை, இரண்டுக்கும் துடிப்பவை என மூவகை கண்டார். 1953இல் ஸ்டீபன் கஃப்ளர் பூனையின் விழித்திரையில், நடுவட்டத்தில் ஒளி பட்டால் கிளர்ச்சியுற்றுச் சுற்றுவளையத்தில் பட்டால் அடங்கும் செல்களையும், அதற்கு நேர்மாறானவற்றையும் காட்டினார். மனிதக் கண்ணில் ஏறத்தாழ 10 கோடி ஒளியுணர் செல்கள். மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளோ 10 லட்சம் அளவே. வந்ததையெல்லாம் அனுப்ப வழியில்லை. வேறுபாடு எங்கே, விளிம்பு எங்கே என்று சுருக்கி அனுப்புவதே விழித்திரையின் வேலை.

இக்காலத்தில்தான் நம் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமனும் கண்ணை நோக்கித் திரும்பினார். கண்ணையே கருவியாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். 1928இல் இராமன் விளைவு முதலில் புலப்பட்டதும் ஒளிமறைக்கும் நிறக் கண்ணாடிகளின் வழியே, வெறுங்கண்ணுக்குத்தான். முதுமையில் பெங்களூரில், நிறக் கண்ணாடி ஒன்றின் வழியே ஒளிமிக்க திரையைப் பார்த்துவிட்டு அதைச் சட்டென விலக்கினார். திரையில் தெரிந்த தோற்றம் தம் விழித்திரையின் பெரிதாக்கப்பட்ட உருவமே என்றார். உருவம் தெளிவாகத் தெரிவதையும் ஒளித்துகள்களைக் கொண்டே விளக்க முற்பட்டார். முந்நிறக் கொள்கையை மறுத்தார். 1968இல், எண்பதாவது வயதில், பார்வையின் உடலியல் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹார்ட்லைன், ஜார்ஜ் வால்ட், ராக்னர் கிரானிட் மூவருக்கும் பார்வை ஆய்வுக்காக நோபல் பரிசு கிடைத்திருந்தது.

இராமனின் இக்கொள்கையை மேலைநாட்டார் வேண்டுமென்றே புறக்கணித்தனர் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் எழும். நான் அதை ஏற்கவில்லை. முந்நிறக் கூம்புச் செல்களுக்கு 1960களிலேயே நேரடி அளவீடுகள் வந்துவிட்டன. இராமன் கண்டவை பொய்யல்ல. அந்த முதியவரின் கூர்ந்த நோக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. ஆனால் அவர் விளக்கத்தில் ஒளி பேசியது, நிறமிகள் பேசின. செல்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு மைய இடமில்லை. மாக்கும் இராமனைப் போன்றே இயற்பியலாளர், தம் கண்ணையே நம்பியவர். ஆயினும் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையிலான உறவைக் கேட்டார். இராமன் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளியைக் கேட்டார். தவளையும் நண்டும் பூனையும் இராமனின் ஆய்வறைக்குள் நுழைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மஞ்சளாற்றுப் பாசன வயல்களில் மழைக்குப் பின் தவளைகள் கத்தும்போது சாலையோரம் நின்று பார்க்கிறேன். எல்லாம் அறிந்த பின்பும் வெள்ளிக்கரை அப்படியே தெரிகிறது.