சூரியனைப் பின்தொடரும் படல்கள்: இலங்கைக்குக் கட்டுப்படியாகுமா?

வடக்கு, கிழக்கில் பாரிய சூரிய மின்னுற்பத்தித் திட்டங்கள் பற்றிய பேச்சு ஓய்ந்தபாடில்லை. சம்பூரில் 120 மெகாவோட் திட்டத்தின் ஆரம்ப நிகழ்வு 2025 ஏப்ரலில் நடந்தது. இத்தகைய நிலையங்கள் குறித்து எழும் கேள்விகளில் ஒன்று, படல்களை ஒரே சாய்வில் நிலையாகப் பொருத்துவதா அல்லது சூரியனோடு சேர்ந்து திரும்பும் ‘ட்ராக்கர்’ பொறிமுறையில் ஏற்றுவதா என்பது. பார்வைக்கு இது பொறியியலாளரின் விடயம். ஆனால் எவ்வளவு காணி போகும், அலகின் விலை என்னவாகும் என்பதும் இதில்தான் தங்கியிருக்கிறது.

காலை 9 மணியளவில் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் நிற்கிறது. தட்டையாகக் கிடக்கும் படலுக்கு அப்போது நேரடி ஒளியில் சுமார் 70 சதவீதமே கிடைக்கும். வடக்கு–தெற்காக ஓடும் ஓர் அச்சில் படல்களைப் பொருத்தி, காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும் பார்க்கத் திருப்பினால் இந்த இழப்பின் பெரும்பகுதியை மீட்கலாம். வடக்கு–தெற்குச் சாய்வையும் மாற்றும் ஈரச்சு முறை இருக்கிறது. 6 முதல் 10 பாகை வடஅகலக்கோட்டுக்குள் கிடக்கும் இலங்கையில் அதன் மேலதிகப் பயன் சொற்பம், பராமரிப்போ இரட்டிப்புத் தலையிடி. அதை விட்டுவிடலாம்.

ஓரச்சு முறையால் உற்பத்தி 15 முதல் 25 சதவீதம் வரை கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படும். மேகமற்ற பாலைவனங்களில் அது சரி. முகில் மூடிய வானில் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் சிதறி வருவதால் படலைத் திருப்பிப் பெரிய பயனில்லை. வடகீழ்ப் பருவமழை மாதங்களை நினைத்துப் பார்த்தால் 25 என்ற எண்ணை இங்கே நம்பிக் கடன் எடுக்க முடியாது.

ஓர் உதாரணக் கணக்கு. இலக்கங்கள் விளக்கத்துக்கானவை மட்டுமே. 10 மெகாவோட் நிலையமொன்று நிலையான படல்களுடன் ஆண்டுக்கு 15 மில்லியன் அலகுகள் தருகிறது, கட்டுமானச் செலவு 1,800 மில்லியன் ரூபா, ட்ராக்கருக்கு மேலும் 180 மில்லியன், அலகின் விலை 20 ரூபா என்று வைப்போம். உற்பத்தி 15 சதவீதம் கூடினால் மேலதிக வருமானம் 45 மில்லியன். மோட்டர், தாங்கி, கட்டுப்பாட்டுக் கருவிகளின் பராமரிப்புக்கு 5 மில்லியன் கழித்தால் நாலரை ஆண்டில் முதல் திரும்பும். கூடுதல் 10 சதவீதம் மட்டுமே என்றால் மிஞ்சுவது 25 மில்லியன். 180 மில்லியனுக்கு 12 சதவீத வட்டியே முதலாண்டில் 21.6 மில்லியன்! ஐந்து சதவீத வித்தியாசத்தில் இலாபத் திட்டம் வட்டி கட்டும் திட்டமாகிவிடுகிறது.

காணிக் கணக்கு இன்னும் சிக்கலானது. நம் அகலக்கோட்டில் நிலையான படல்களை மிகக் குறைந்த சாய்வில் வைக்கலாம். நிழல் அதிகம் விழாததால் வரிசைகளை நெருக்கலாம். திரும்பும் படல்களுக்கு வரிசையிடை வெளி வேண்டும். இல்லாவிட்டால் காலை மாலை நீள்நிழல் அடுத்த வரிசையை மறைக்கும். (அவ்வேளைகளில் படலைச் சற்றுத் தட்டையாக்கித் தப்பும் மென்பொருள் உண்டு, ஆனால் அதற்கு ஈடாக உற்பத்தியில் ஒரு பங்கு போகும்.) 2006 போரில் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் பல காத்திருந்து காணிக்குத் திரும்பிய சம்பூர் மக்களைப் போன்றோருக்கு ஏக்கர் என்பது வெறும் செலவு இலக்கமல்ல. படல்களின் விலை பெரிதும் இறங்கிவிட்ட இக்காலத்தில், அதே பணத்துக்கு அதே காணியில் இன்னும் சில படல்களை நெருக்கிப் பூட்டுவதோடும் ட்ராக்கரை ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டைத் திட்ட அறிக்கைகளில் கேட்டுப் பெறுவது நல்லது.

கரையோர உப்புக்காற்று மோட்டரையும் தாங்கியையும் அரிக்கும். பலத்த காற்றில் படல்களைப் பாதுகாப்பான கோணத்துக்குக் கொண்டுபோக, மின்தடை நேரத்திலும் இயங்கும் ஏற்பாடு வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்புக் கரையில் இதைச் சில்லறை விடயமாகத் தள்ளமுடியாது.

ட்ராக்கருக்குச் சாதகமான வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்தடைப்பட்டது. மின்பாவனை குறைந்த நண்பகலில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்ததும் அப்போது பேசப்பட்டது. அடுத்து வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைப் படல்களை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. திரும்பும் படல்கள் கூட்டித் தருவது பெரும்பாலும் காலை 8 மணி, மாலை 4 மணி மின்சாரத்தை. நண்பகல் மிகையை அவை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. ஆனால் எல்லா வேளைக்கும் ஒரே விலை தரும் ஒப்பந்தத்தில் முதலீட்டாளருக்கு அந்தப் பெறுமதி தெரியாது. இரவு 7 மணி உச்சத் தேவைக்கோ எந்த ட்ராக்கரும் உதவாது. அதற்குப் பற்றரிதான் வேண்டும், மேலே சொன்ன 180 மில்லியனுக்கு அதுவும் போட்டியாளர்.