தகரச் சீட்டும் தலைக்கணக்கும்

வாடகை வீடுகளை நகராட்சி ஒழுங்குபடுத்த முனைந்த வரலாற்றில், ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரின் அனுபவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதனையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரில் தொழில்கள் பெருகவே, அயர்லாந்திலிருந்தும் வடமலைப் பகுதிகளிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வந்து குடியேறினர். வீட்டுச் சொந்தக்காரர்கள் பழைய கட்டடங்களை அறை அறையாகப் பகுத்து வாடகைக்கு விட்டனர். காற்றும் ஒளியும் புகாத அவ்வறைகளில் டைபஸ் காய்ச்சல் குடிகொண்டது.

1862-ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிக்குப் புதியதோர் அதிகாரம் அளித்தது. மூன்று அறைகளுக்கு மேற்படாத சிறு வீடுகள் அளக்கப்பட்டன. வீட்டின் கன அளவையும், தங்கக்கூடியோர் தொகையையும் பொறித்த தகரச் சீட்டொன்று கதவில் அறையப்பட்டது. வயது வந்தவருக்கு 300 கன அடி. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதிற் பாதி. நள்ளிரவில் அதிகாரிகள் கதவைத் தட்டித் தலைகளை எண்ணினர். மிகுதியானோர் கட்டிலின் கீழும், அலமாரியினுள்ளும், கூரையின் மேலும் ஒளிந்துகொண்டனர்.

நோக்கம் நன்றே. ஆயினும், வெளியேற்றப்பட்ட ஏழை எங்கே செல்வான்? மற்றொரு நெரிசலான அறைக்கே செல்வான். சட்டம் தலைகளை எண்ணியதேயன்றி, வீடுகளைப் பெருக்கவில்லை. 1888-இல் நகரச் சுகாதார அதிகாரி டாக்டர் ஜேம்ஸ் பர்ன் ரஸ்ஸல் ஆற்றிய உரையில், நகர மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஒற்றையறை வீட்டில் வாழ்வதை எடுத்துக்காட்டினார்.

1915-இல் போர்த் தளவாடத் தொழிலாளர் வந்து குவியவே, வாடகை உயர்ந்தது. கோவன் பகுதியில் மேரி பார்பர் முதலிய பெண்கள் உயர்த்திய வாடகையைத் தர மறுத்து, காலி செய்விக்க வந்த அமீனாக்களைத் தடுத்து நிறுத்தினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே, சிறு வீடுகளின் வாடகையைப் போர் தொடங்கிய காலத்து அளவில் நிறுத்தும் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1919-ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசு மானியத்துடன் வீடு கட்டும் கடமையை உள்ளாட்சி மன்றங்களுக்கே விதித்தது.

2006 முதல் ஸ்காட்லாந்தில் வீட்டை வாடகைக்கு விடுவோர் உள்ளாட்சி மன்றத்திற் பதிவு செய்துகொள்ள வேண்டும். அன்று எண்ணப்பட்டவர் குடியிருப்போர். இன்று கணக்கில் வருபவர் உடைமையாளர். இம்மாறுதலையே நான் பெரிதும் மதிக்கிறேன். நெரிசல் ஏழையின் விருப்பமன்று. வீட்டுப் பஞ்சத்தின் விளைவு. விளைவைத் தண்டிப்பது எளிது; காரணத்தைக் களைவதே நல்லாட்சி. ஒரு சட்டத்தைப் படிக்கும்போது, அதன் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள்.